ஏழாம் நாள் பற்றிய என் மூன்றாவது குறிப்பு

மார்ச் 3, திங்கள்

ஞாயிறு வேதபாட வகுப்பில் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டுமாம். பாஸ்டர் கேட்டார், வழக்கம்போல மறுக்க வாய் வரவில்லை. சொல்லப்போவது:

1. வேதம் தேவனை நிரூபிக்க முயல்வதில்லை, அவரோடு தொடங்குகிறது.
2. உலகைப் படைத்த முதல் மூன்று நாளில் இடங்கள். அடுத்த மூன்று நாளில் அங்கே இருக்க வேண்டியவை. ஒழுங்கு.
3. ஏழாம் நாள்: வேலையை முடித்தவருக்கே ஓய்வு.
4. பாவம் செய்த மனிதன் ஒளிந்துகொண்டான், தேவன் தேடி வந்தார்.

மில்லில் முப்பத்தெட்டு வருடம் ஷிப்ட் பட்டியல் போட்டவனுக்கு மூன்றாவது சுலபம்.

மார்ச் 4, செவ்வாய்

விரிப்பு துவைத்தேன். மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்தேன். என் இடுப்பு விட்டுப்போகிறது.

மார்ச் 5, புதன்

அவளிடம் ஒத்திகை பார்த்தேன். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். வலது பக்கம் அசையாது, பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். இரண்டாவது குறிப்புக்கு, "ஏங்க, அங்கயும் ஷிப்டா?" என்று சிரித்தாள். மூன்றாவதை வாசித்ததும் சிரிப்பு நின்றது.

"நான் என்ன வேலைய முடிச்சுட்டு இப்படிப் படுத்திருக்கேன்?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நானெல்லாம் ஒரு ஆளா?

மார்ச் 7, வெள்ளி

நேற்றிலிருந்து ஸ்பூனைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். "சும்மா கிடக்கிறவளுக்கு எதுக்குச் சோறு?" இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்கிறார் டாக்டர். ஏன்டி என் உயிர வாங்குற — என்று கத்திவிட்டேன். கத்தியது நானா?

மார்ச் 8, சனி

மூன்றாவதை அடித்துவிடலாமா? வேதத்தில் இருப்பதை நான் எப்படி அடிப்பது?

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டம்மாவை அவளுக்குத் துணை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மூன்றாவதைச் சொன்னதும் தையல்கார அம்மா கையைத் தூக்கினார்.

"ஐயா, மனுஷன ஆறாம் நாள்தானே உண்டாக்கினாரு?"

"ஆமாம்மா."

"அப்ப வந்த மறுநாளே லீவா! அப்படி என்னத்தக் கிழிச்சான்? மிருகங்களுக்குப் பேர் வச்சதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடமாக வாசிக்கிறேன், கண்ணில் படவில்லையே! ஆறு நாளும் உழைத்தது தேவன். மனிதன் கண்ட முதல் முழு நாளே ஓய்வு நாள். அவன் அதைச் சம்பாதிக்கவில்லை.

நாலாவதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன்.

"அந்தத் தையக்காரிக்கு வாய் ஜாஸ்தி" என்றாள். பிறகு, "சோறு ஆறிப்போச்சா?"

நாலு வாய் சாப்பிட்டாள். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.