பாதிச் சம்பளத்துக்கு வந்தவள்

சீட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மேஜையில் வைத்தால் பேச்சித்தாய் படித்துவிடுவாள். நீங்கள் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். வர இருட்டிவிடும். ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன்.

நான் சந்தேகப்பட்டது சரிதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாளையங்கோட்டையில் மாசம் ஆயிரத்துக்குக் குறைந்து யாரும் வருவதில்லை. மாமாவைப் பார்க்கப் பேச்சித்தாய் ஐந்நூறுக்கு ஒத்துக்கொண்டாள். நல்ல மனசு என்றீர்கள். ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிறவளை நேற்று வாசலில் நிறுத்தி, யாருக்குப் போன் என்று கேட்டேன்.

"மிச்சத்த மதுரை அம்மா குடுக்காவல்லா, டீச்சரம்மா. நீங்க பெரியவர எப்படிப் பாத்துக்கிடுதீங்கன்னு வாராவாரம் சொல்லணும்லா?"

மதுரை அம்மா என்பது உங்கள் மதினி, மதுரை அண்ணன் மனைவி. படுக்கையில் கிடக்கிற அப்பாவுக்கு ஒரு பைசா தரமாட்டேன் என்ற அண்ணனோடு பொங்கலன்று சண்டை போட்டு வந்தீர்கள். அதே வீட்டிலிருந்துதான் பணம் வருகிறது. அண்ணனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. அக்கறையா, வேவு பார்ப்பதா, அதுவும் தெரியவில்லை.

கோபத்தில் அவளை நிறுத்திவிடாதீர்கள். ஆயிரம் கொடுக்க நமக்கு வழியில்லை. உங்களுக்குத் தெரிந்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொன்றை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நம்மைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றும் கேட்டேன். "ஒங்களக் குறையே சொல்லல. ஐயாதான் பெரியவர் அறைக்குள்ள எட்டியே பாக்க மாட்டேங்காவன்னு சொன்னேன்" என்றாள்.

இன்று ராத்திரி மாமாவுக்கு நீங்கள் ஊட்டுங்கள். அவள் பார்க்கும்படி.