வரையாமல் விட்ட கேமரா

மார்ச் 3
பல் செட் செய்கிறவளுக்கு விமானம் செய்யத் தெரியாதா என்று மாமனார் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டார். விமானப்படையில் அவர் ஓட்டிய உளவு ஜெட்டின் மாதிரி, முழங்கை நீளத்துக்கு. எண்பதாவது பிறந்தநாளுக்கு அவர் வீட்டு ஹாலில் வைக்கணுமாம். "உன் கைக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று கணவர் ஐஸ் வைக்கிறார். வீடு முழுக்கப் பசை நாற்றம். தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டையில் அதுதான்.

மார்ச் 9
இறக்கைகளை ஒட்டி, இடுக்குகளில் பட்டி பூசித் தேய்த்தேன். மாமா தினமும் வந்து என் பிடரியில் மூச்சு விடுகிறார். "துப்பாக்கியே கிடையாதும்மா இதுல. வெறும் கேமராதான். நாங்க யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல." அதில் ஒரு பெருமை அவருக்கு. கேமரா ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டி வைத்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10
கை வலி.

மார்ச் 14
விமானத்தின் மூக்கில் வரிசையாகக் குட்டிக் கேமரா படங்கள் வேண்டுமாம். படமெடுத்துத் திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. வரைந்துகொண்டே வந்தேன். கடைசிப் படத்துக்கு வந்தபோது மாமா சிரித்தார்.

"இதுக்குத்தான் மெடல். ஆத்தோரமா வரிசையா தார்ப்பாய். ராணுவக் கூடாரம்னு எழுதிக் குடுத்தோம். அன்னிக்கு மத்தியானமே குண்டு போட்டாங்க. அப்புறம் பார்த்தா, வாரச் சந்தை!"

"தெரிஞ்சப்புறமும் மெடலா?"

"குடுத்தத வேணாம்னா சொல்ல முடியும்?" தொப்பை குலுங்கச் சிரிப்பு.

சீ! அந்தச் சிரிப்பு காதில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூரிகையைக் கழுவினேன். கையைக் கழுவினேன். மறுபடியும் கையை.

மார்ச் 15
கணவர்: "எப்பவோ நடந்தது. வயசானவரு. ஒரு பொட்டு மாதிரி படம், வரைஞ்சு தொலையேன்."

இவருமா? இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?

வரைய மாட்டேன்.

மார்ச் 21
பிறந்தநாள். கைதட்டல். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு குறையுதே?"

"சந்தைய வரையல மாமா."

"எந்தச் சந்தை?" கேட்டது அத்தை, என் மாமியார். மாமாவே சொல்லட்டும் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானே சொன்னேன். முடித்ததும் யாரோ, "கேக் வெட்டிடலாமே" என்றார்கள். வெட்டினார்கள்! விரலில் க்ரீமை நக்கிக்கொண்டே எனக்குத் திமிர் என்றார்கள்.

மார்ச் 22
கணவர் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

மார்ச் 24
காலையில் பல் லேபுக்கு அத்தை வந்தார், கையில் பெரிய பையோடு. மெடல் தெரியுமாம். சந்தை தெரியாதாம்.

"எத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னார். எப்பவாவது விசாரிச்சீங்களான்னு கேட்டேன். டீ ஆறிடுச்சு, சூடு பண்ணிக் குடுன்னார்."

என் வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு அழைத்து வந்தேன். கதவைத் திறந்த மகனிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்றார். கணவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

இப்போது சின்ன அறையில் அத்தை துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். ரெண்டு நாளைக்கென்று எடுத்து வந்த துணி இல்லை அது.