வெள்ளைத் தரையில் உன் சேற்றுக்கால்

மாப்ள,

நாலைந்து நாளாகக் கடையில் அதே வாடை. தரைக்கு ஊற்றும் எபாக்சிப் பூச்சை வாளியில் போட்டுக் கலக்கும்போது மூக்கில் ஏறுமே, அது. ஷட்டரைத் தூக்கியதும் என் கண் தானாக உன் நாற்காலிப் பக்கம் போய்விட்டது. போன தடவை இதே வாடையில் நீ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பந்தியில் பாயச வாளி எப்போது வரும் என்று பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இந்தத் தரைச் சங்கதியை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

பழனி ரோட்டில் நாம் மோட்டார் பம்பு கடை போட்டபோது சிமெண்டுத் தரைதான். எண்ணெய் சிந்தி, கிரீஸ் ஊறி, கறுப்பாகிக் கிடக்கும். நமக்கும் அது உறுத்தவில்லை. ஒரு தடவை டீலர் கூட்டம் என்று கோயம்புத்தூர் போய் வந்தாய். வந்ததும் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அந்த ஓட்டல் தரையைப் பற்றியே பேச்சு.

“வெள்ளையில நீலம் ஓடணும்டா பாய். குனிஞ்சா மூஞ்சி தெரியணும்.”

“இது வயக்காட்டுல இருந்து சம்சாரிக வர்ற கடை. கல்யாண மண்டபம் இல்ல.”

“ஏன், சம்சாரி நல்ல தரையில நடக்கக் கூடாதா?”

நத்தத்தில் மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய குடும்பத்துப் பிள்ளை நீ. தோல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை நான். அதற்கு மேல் என்ன பேச முடியும்? நீ கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தரை நீ சொன்ன மாதிரியே வந்தது. பால் ஊற்றி வைத்தது போல இருந்தது. தலையில் மிச்சமிருந்த கொஞ்சம் முடியையும் அதைப் பார்த்துத்தான் சீவினாய், மறுக்காதே. ஆனால் வாசலில் செருப்புக் குவியல் சேர ஆரம்பித்தது. நாம் யாரையும் கழற்றச் சொல்லவில்லை. அவர்களாகவே கழற்றினார்கள். விரலை ஊன்றி ஊன்றி நடந்து வந்து, வாங்கியதை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வெளியேறினார்கள். முன்பெல்லாம் செத்த நேரம் உட்கார்ந்து மழை, கிணறு, மகள் கல்யாணம் என்று பேசிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். “பாத்தியா, எம்புட்டு மரியாதை” என்று நீ பெருமையடித்துக்கொண்டாய். எனக்கோ கடை கோயிலாகிவிட்டது போல ஒரு பயம். கோயிலில் யார் பம்பு வாங்குவார்கள்?

அந்த மழை நாளை மறந்திருக்க மாட்டாய். வேடசந்தூர்ப் பக்கத்துப் பெரியவர், நம்மிடமே வருஷக்கணக்காக வாங்குகிறவர், எரிந்துபோன மோட்டாரோடு வாசலில் நின்றார். முழங்கால் வரை செம்மண் சேறு.

“உள்ள வாங்கய்யா” என்றாய்.

“வேணாம் அப்பு. கால் பூரா சேறு. தரை பாழாயிரும்.”

“பரவால்ல, வாங்க.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே பழைய சிமெண்டுத் தரை. பெஞ்சில் உட்கார்ந்து அவர் டீ குடித்ததை நாம் இரண்டு பேரும் இங்கிருந்து பார்த்தோம். அன்று முழுக்க நீ குனிந்தே கணக்கு எழுதினாய். உன் முகம் கறுத்துப்போனதை அந்தத் தரை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது நீ பின்பக்கம், மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றாய். தொட்டி வழிந்து எப்போதும் சேறாகக் கிடக்குமே, அங்கே வேட்டியைத் தூக்கிக்கட்டி இரண்டு காலையும் நன்றாகப் புதைத்து எடுத்தாய். கடையைச் சுற்றிவந்து, முன்வாசல் வழியாக நுழைந்து, கல்லாப்பெட்டி வரை நடந்தாய். நீ ஆசை ஆசையாகப் போட்ட தரை.

“ஏலே, கிறுக்கு புடிச்சிருச்சா?”

“வழி போட்டிருக்கேன். துடைக்காத.”

அவ்வளவுதான் சொன்னாய். அந்த வாரமே பெரியவர் வாஷர் கேட்டு வந்தார். வாசலில் நின்று தடத்தைப் பார்த்தார். “ஆரோ முன்னாடியே நடந்துட்டாக போல” என்று செருப்போடு உள்ளே வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் நீ சேற்றை மிதித்தாய், சாயங்காலம் நீயே துடைத்தாய். ரகசியமாகச் சிரித்துக்கொள்வாய். எனக்கு உன்னை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நாட்களில்தான். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் கிண்டலடித்தே கொன்றிருப்பாய்.

இப்போது உன் இடத்தில் உன் மகள் செல்வி உட்கார்ந்து கடையைப் பார்க்கிறாள். உன்னைவிடக் கெட்டி. மோட்டாரை இழுத்து இழுத்துத் தரை கீறிப்போய்விட்டது, வாசல் பக்கம் வெயில் பட்டு மஞ்சளாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றாள். பூச்சு வேலைக்காரர் சாம்பிள் துண்டுகளைப் பரப்பி வைத்தார். அவள் யோசிக்காமல் வெள்ளையை எடுத்தாள்.

“இது எங்கப்பா ஆசைப்பட்ட கலரு மாமா.”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளே கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “அப்பா வேட்டி மட்டும் தெனமும் ஏன் சேறா இருந்துச்சு? அம்மா கேட்டா சிரிப்பாரே தவிர சொல்ல மாட்டாரு.”

சொன்னேன். பெரியவர், எதிர்க்கடை, தொட்டிச் சேறு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் வெள்ளைத் துண்டைக் கீழே வைத்தாள். செம்மண், காப்பிக்கொட்டை, சாம்பல் நிறத்துச் சில்லுகள் தூவிய ஒன்றை எடுத்தாள். மினுக்கம் இல்லாதது. ஆனால் அழகு, மாப்ள. மழை விட்ட பிறகு தோப்புத் தரை இருக்குமே, அப்படி. அதில் கிரீஸைத் தடவினாள், தண்ணீரை ஊற்றி ஏறி நின்று வழுக்குகிறதா என்று பார்த்தாள், பழைய மோட்டாரை வைத்து இழுத்தாள். “மேல வெயிலுக்கு மஞ்சளாகாத பூச்சுதான் போடணும்” என்று வேலைக்காரரிடம் கறாராகச் சொன்னாள். பழசைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டார்கள். நன்றாகக் காய விட்டு இன்று காலை கடை திறந்தோம்.

திறப்பதற்கு முன்னால் நான் தொட்டியடிக்குப் போனேன். நீ போன பிறகு, தினமும் செல்வி வருவதற்குள் நான் செய்து முடிக்கிற வேலை அது. சேற்றை மிதித்து, சுற்றிவந்து, கல்லாவரை நடந்து திரும்பிப் பார்த்தேன். தடமே தெரியவில்லை. சேறு இருக்கிறது, ஆனால் அந்தச் சில்லுகளுக்கிடையில் எது சேறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல தரை என்று சந்தோஷம்தான். இருந்தாலும் உன்னை இன்னொரு தடவை அனுப்பிவைத்தது போல நெஞ்சில் ஒரு வலி.

அப்போது செம்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். காதில் போன், காலில் வயல் சேறு அப்பிய செருப்பு. பேசிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே வந்து, உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஒரு டீ சொல்லுங்க பாய்” என்றார். குனிந்து தரையைப் பார்க்கவே இல்லை, மாப்ள. செல்வி என்னைப் பார்த்தாள். நான் டீ சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனிமேல் யாருக்கும் வழி போட வேண்டியதில்லை. ஆனாலும் நாளைக் காலையும் தொட்டிச் சேற்றை மிதித்துவிட்டுத்தான் வருவேன்.