நாரைக்கொடி

ஹெர்ன்வெல்,
2 மே 1934

துரோகி அண்ணன் ஆப்ரிக்கு,

ஆற்று மடைக்குக் கீழே பிட்ஃபர்ட் போய், அந்த ஊர் மீன்கொடிச் சங்கத்தாரோடு சேர்ந்த பிறகு உனக்கு நல்ல தொப்பை விழுந்திருக்கிறதாமே. லவினியா அண்ணியின் கைப்பக்குவம் அப்படி. தொப்பை நன்றாக வளரட்டும், உன் படகு கனத்தால் எனக்குத்தான் லாபம்.

பாய்மரப் படகு வாங்கிவிட்டேன். பழசுதான், ஆனால் கட்டு குலையாத படகு. பச்சை வர்ணம் அடித்து 'வாலாட்டி' என்று பேரும் எழுதியாயிற்று. பாய் இழுக்க என் கூட வருபவள் எட்னா, பள்ளிக்கூடத்தில் என்னோடு வாத்தியார் வேலை பார்ப்பவள். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

விஷயம் இதுதான். எங்கள் படகுச் சங்கத்தில் பெண்கள் டீ ஊற்றலாம், கிழிந்த பாய் தைக்கலாம், உறுப்பினராக மட்டும் முடியாது. உறுப்பினர் இல்லாதவள் சொந்தப் படகில்கூடச் சங்கத்தின் நாரைக்கொடி ஏற்றக் கூடாது. பதினோரு வருஷமாக டீ ஊற்றியவள், நேற்று கமிட்டியில் போய் நேராகவே கேட்டுவிட்டேன். தலைவர் கர்னல் பாஸ்கோம் மீசையைத் தடவிக்கொண்டு, "இந்த மாசம் விட்சன் திங்கள் பண்டிகைப் போட்டியில கீழ்மடைக்காரங்களை ஜெயிச்சுக் காட்டும்மா, உறுப்பினராக்கிடறோம், கொடியும் தர்றோம்" என்றார். எங்கே ஜெயிக்கப்போகிறாள் என்ற தைரியம். நான் விடவில்லை, அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷமாகக் கோப்பை உன் வீட்டில் இருக்கிறது. ஆகவே நான் ஜெயிக்க வேண்டியது உன்னைத்தான். எனக்கு அந்தக் கொடி வேண்டும் அண்ணா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

வின்னி


பிட்ஃபர்ட்,
8 மே 1934

அன்புள்ள கொக்குக்காரிக்கு,

அது நாரை என்று நீ சண்டைக்கு வருவாய், தெரியும். எங்கள் சங்கத்தில் எல்லாரும் கொக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

உன் கடிதத்தை லவினியாவுக்கு உரக்க வாசித்தேன். அவள் என் பக்கம் என்று நினைத்திருந்தேன். கர்னல் பேச்சைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தடவை வின்னி ஜெயிக்கட்டும். நீங்க நல்லா ஓட்டுங்க, ஆனா அவ ஜெயிக்கட்டும்" என்றாள். இப்படி ஒரு மனைவி.

இத்துடன் அவள் தைத்த சதுரக்கொடி வருகிறது. பச்சையும் மஞ்சளும். உனக்குப் போட்டிக்கொடி இருக்காது என்று அவளாகவே யோசித்தாள். பாய்மரத்தின் உச்சியில் சதுரக்கொடி பறக்கிற வரைதான் நீ போட்டியில் இருக்கிறாய். அதை இறக்கிவிட்டுச் சங்கத்தின் முக்கோணக்கொடியை, அதாவது உங்கள் நாரையை, ஏற்றினால் விலகிவிட்டாய் என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்ததை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், எட்னாவுக்குச் சொல்லிவை.

ஒன்று தெரிந்துகொள். தங்கை என்று விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படி வாங்கின கொடி உனக்கு இனிக்காது.

ஆப்ரி


ஹெர்ன்வெல்,
22 மே 1934

அண்ணா, அண்ணா, அண்ணா,

ஜெயித்துவிட்டேன்! நீயே பின்னால் வந்து பார்த்தவன்தான், இருந்தாலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கடைசி மிதவை வரை நீதான் முன்னால். வில்லோ மரங்களுக்குக் கீழே காற்றில்லாமல் உன் பாய் தொங்கிப்போனதைப் பார்த்தேன். எட்னா, "எதிர்க்கரைக்குப் போடி, அங்க தண்ணி சுருங்குது பாரு, காத்து வருது" என்றாள். போனேன். அப்பா, எப்படி ஒரு காற்று! வாலாட்டி சாய்ந்துகொண்டு ஓடியது, பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது, ஓர் அன்னம் எங்களைத் திட்டிக்கொண்டே விலகியது. கோட்டைத் தாண்டி வேட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே நாரை! ஜெயித்தால் ஏற்றிக்கொள் என்று கர்னல் காலையில் கொடுத்திருந்த கொடி. எட்னா எந்த நேரத்தில் ஏற்றினாளோ தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீ நேற்று கர்னல் ஊற்றினார். பாதி தட்டில்தான் ஊற்றினார்.

ஆனால் நீ ஏன் முகம் கொடுக்காமல் போய்விட்டாய்? கரையெல்லாம் உன்னைத் தேடினேன். தோற்றதற்குக் கோபிக்கிற ஆள் இல்லையே நீ. எனக்கு அது ஒன்றுதான் குறை. வியாழக்கிழமை கமிட்டி கூடி என் பேரைச் சேர்ப்பதாக இருந்தது, கர்னலுக்கு லண்டனில் வேலையாம், சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

உன் வின்னி


பிட்ஃபர்ட்,
24 மே 1934

அன்புள்ள வின்னி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது மூன்றாவது.

நீ பிரமாதமாக ஓட்டினாய். அந்த எதிர்க்கரைக் காற்று என் கண்ணில் படவே இல்லை. ஆனால் முடிவுக் கோட்டுக்கு இருபது கஜம் இருக்கும்போதே எட்னா சதுரத்தை இறக்கி நாரையை ஏற்றிவிட்டாள். நேர்பின்னால் இருந்ததால் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பாய் இழுக்க வந்த மைத்துனன் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வேட்டுப் போடும் ஹிப்பர்ட் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கரையிலிருந்தவர்களுக்கு வில்லோ மறைத்திருக்கும். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் புகார் எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனாவை எடுக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்றுதான் ஓடிவந்தேன்.

இனியும் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாமல் நீ அந்தக் கொடியைப் பறக்கவிடுவது எனக்குச் சகிக்கவில்லை. என்ன செய்வதென்று நீ பார்த்துக்கொள். எதைச் செய்தாலும் நான் உன் அண்ணன்தான்.

ஆப்ரி


ஹெர்ன்வெல்,
27 மே 1934

என் தங்கமான அண்ணனுக்கு,

கடிதம் வந்ததும் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு எட்னாவிடம் ஓடினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், "ஜெயிச்சாச்சுன்னு கை தானா போயிடுச்சு வின்னி" என்று. அவளை எப்படித் திட்டுவது? வெள்ளி முழுக்க பேசாமல் இருந்துவிடு என்று மனசு நூறு தரம் சொன்னது.

சனிக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கர்னல் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "அப்ப நீ விலகிட்டேம்மா. நாங்க என்ன செய்ய முடியும்" என்றார், வெகு மரியாதையாக.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்துக் காட்டினேன். 'போட்டியின் நடுவே உறுப்பினர் தம் படகில் சங்கக்கொடி ஏற்றினால் விலகியவராவார்.'

"நான் உறுப்பினரா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "உறுப்பினர்னா, நான் விலகிட்டேன், சரி. உறுப்பினர் இல்லேன்னா, எட்னா ஏத்தினது வெறும் துணி. அப்ப ஜெயிச்சது நான்தான். ஜெயிச்சா உறுப்பினர்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க."

கர்னல் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். மூலையில் ஹிப்பர்ட் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்து இருமி, முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் கர்னல், "உனக்கு எது வேணும்? நீயே சொல்லு" என்றார். கோப்பையும் கொடியும் சேர்ந்தே கிடைத்திருக்கும் அண்ணா. ஆனால் நீ கண்ணால் பார்த்ததைத் துணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கொடின்னே எழுதிக்குங்க" என்றேன்.

கோப்பை உன்னுடையது, அண்ணியோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. கமிட்டிப் பதிவேட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'உறுப்பினர் மிஸ் வினிஃப்ரெட் லாத்பரி போட்டியிலிருந்து விலகினார்.' மூன்று தரம் வாசித்தேன். முதல் வார்த்தையைத் தாண்டிக் கண் போகவே மாட்டேன் என்கிறது.

தோற்றுப்போன உன் தங்கை,
வினிஃப்ரெட் லாத்பரி,
உறுப்பினர், ஹெர்ன்வெல் படகுச் சங்கம்