லேட்டு என்று நீ கேட்டது

இன்று காலைத் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. உன் பெயரில் கோப்பை. திண்டிவனத்தில், உன் மல்லாட்டை மண்டியின் நிலக்கடலைக் கிடங்குகளில் ஒன்றை மாற்றி நீ கட்டிய ஸ்குவாஷ் அரங்கில், சிறுவர்களுக்கான போட்டி. வழவழப்பான அட்டை, நேர்த்தியான அச்சு. உன் படத்துக்குக் கீழே, தலைமை தாங்குபவரின் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரி: ‘அமரரின் திறமையை இளம் வயதிலேயே கண்டறிந்தவர்.’

அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் உன்னில் எதைக் கண்டறிந்தார் என்பது இன்று உயிரோடு இருப்பவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றவன் நான்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் அதிகாரிகளின் மன்றம் ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து ஸ்குவாஷ் அறை. நான்கு பக்கமும் சுவர், குனிந்து நுழைய ஒரு சிறு கதவு, மேலே நின்று பார்க்க ஒரு மரப் பரண். என் அப்பா அங்கே குமாஸ்தா. அதிகாரிகள் உண்டு உறங்கும் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை அறை எனக்கு என்று அனுமதி வாங்கியிருந்தார். பள்ளிகளுக்கிடையேயான விளையாட்டு விழாவில் அறிமுகமான நீ, சனி ஞாயிறுகளில் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து சேர்ந்துகொள்வாய். இருவருக்கும் பதின்மூன்று வயது. சித்திரை வெயிலில் பந்து கொதித்துப்போய்க் கண்டபடி எகிறும். அதை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானையின் அடியில் வைத்து ஆற்றுவோம். மெட்ராஸில் பந்தை அடித்தடித்துச் சூடாக்கிய பிறகே ஆடத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளில், “ஊர் முழுக்க அடுப்பாக் கெடக்கு, இன்னும் எதுக்குடா சூடு?” என்றாய்.

இந்த ஆட்டத்தில் இருவரும் ஒரே அறைக்குள், ஒரே சுவரை நோக்கி அடிக்கிறார்கள். எதிராளியின் உடம்பு வழியில் நின்றால் மட்டையை வீசக் கூடாது. நின்று, ‘லெட்’ என்று கேட்க வேண்டும். நடுவர் ஒப்பினால் அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும். இந்தச் சொல்லை நாம் புத்தகத்தில் கற்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே அதிகாரிகள் ஆடுவதைக் காதால் கேட்டுக் கற்றோம்.

“இன்னாடா, ஆளாளுக்கு லேட்டு லேட்டுன்றாங்க. வண்டி லேட்டா, ஆட்டம் லேட்டா?” என்றாய்.

“ஆளு நகர்றது லேட்டு. அதத்தான் சொல்றாங்க.”

அந்த விளக்கம் என்னுடையது. அதை நீ ஏற்றுக்கொண்டாய். ரயில் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்காது. ஓராண்டு கழித்து அப்பா கொண்டுவந்த விதிப்புத்தகத்தில் சரியான சொல்லைப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நம் அறைக்குள் ‘லேட்டு’ பிசகின்றி வேலை செய்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸில், மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு. நான்கு இடங்களில் மூன்று நிரம்பிவிட்டன. கடைசி இடத்துக்கு நீயும் மெட்ராஸ் பையன் ஒருவனும். காலையிலேயே தோற்றுப்போன நான் அந்த ஆட்டத்துக்கு மார்க்கர். தோற்றவன் அடுத்த ஆட்டத்தின் புள்ளிகளைப் பரணிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். தீர்ப்பு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவருடையது. அவர்தான் இன்று அழைப்பிதழில் இருப்பவர்.

முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை உண்டு, பெயர் டின். பந்து அதில் பட்டால் புள்ளி போயிற்று. முதல் பந்தையே நீ அதில் அடித்தாய். பரணில் ஒருவன், “ஊர் பேரே டின்-டிவனம். வேற எங்க அடிப்பான்?” என்றான்.

நீ அண்ணாந்து பார்த்து, “இருங்க, இப்பத்தான் ஊருக்குள்ள வந்துக்கினு இருக்கேன்,” என்றாய். கிண்டல் செய்தவனே சிரித்துவிட்டான்.

ஐந்து ஆட்டங்களில் ஆளுக்கு இரண்டு வென்றிருந்தீர்கள். அதுவரை இரண்டு முறை “லேட்டு சார்” என்று கேட்டிருந்தாய். இரண்டு முறையும் நடுவர் தலையசைத்தார். புள்ளி மறுபடி ஆடப்பட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் அவன் எட்டு, நீ ஏழு. ஒன்பது எடுத்தவனுக்கு வெற்றி. சர்வீஸ் அவனிடம். அவன் பந்தை முன்மூலையில் மெதுவாகத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். நீ மட்டையை வீசியிருந்தால் அவன் முழங்கால் பெயர்ந்திருக்கும். நிறுத்தினாய்.

“லேட்டு சார்.”

நடுவர் என் பக்கம் திரும்பினார். “மார்க்கர், அவன் என்ன கேட்டான்?”

“லேட்டுன்னு சொன்னான் சார்.”

“லேட்டுன்னா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லச் சொல்லு. லெட் கிடையாது. ஆட்டம் முடிஞ்சுது.”

பரண் சிரித்தது. நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. அவர் கேட்டது நீ உச்சரித்த சொல்லை அல்ல, உன் கோரிக்கையை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

திரும்பும் ரயிலில் அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே வந்தாய். செங்கல்பட்டு தாண்டியதும் நான்தான் வாயைத் திறந்தேன்.

“அது லேட்டு இல்லடா. லெட்.”

“தெரியும். உங்க அப்பா புக்க நானும்தான் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்டா அங்க போயும் அதையே சொன்ன?”

“வாய்க்குப் பழகிப்போச்சு. நீ ஏன் பேஜாராவுற? ரெண்டு தபா புரிஞ்ச ஆளுக்கு மூணாவது தபா ஏன் புரியல? அத அவர்கிட்ட கேளு.”

நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனேன், வேலைக்குப் போனேன், கூட்டங்களில் அவரை நான்கைந்து முறை சந்தித்துக் கைகுலுக்கவும் செய்தேன். நீ மண்டிக்குப் போனாய். அணி என்ற பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் ஆட்டத்தை ஒரு வாரமும் விடவில்லை. முப்பது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தோற்கடித்தாய். கிடங்கு அரங்கமானபோது அதன் கதவில் சிவப்புப் பெயிண்டில் நீயே எழுதினாய்: ‘லேட்டு கேட்டால் கொடுக்கப்படும்.’ உன் அரங்கத்துப் பிள்ளைகள் இன்று சென்னையில் ஆடப் போனாலும் ‘லேட்டு’ என்றுதான் கேட்கிறார்கள். நடுவர்கள் மறுபேச்சின்றிக் கொடுக்கிறார்கள். இதை நீ வாதாடி வாங்கவில்லை. விடாமல் சொல்லிச் சொல்லியே வாங்கினாய்.

மத்தியானம் உன் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணா, விழாவுல நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும். அழைப்பிதழ்ல இருக்கற அந்த வரி தலைமை தாங்கறவரோட ஆபீஸ்ல இருந்து எழுதிக் குடுத்ததுண்ணா. தப்பா இருந்தா சொல்லுங்க, மேடையில படிக்க வேணாம்னு சொல்லிடறேன்.”

“படிக்கட்டும்மா. மைக்கிலயே படிக்கட்டும். எனக்குப் பேச்செல்லாம் வேணாம். முதல் ஆட்டத்துக்கு மார்க்கர் நாற்காலி மட்டும் போடுங்க.”

“மார்க்கரா? முதல் ஆட்டத்துக்கு அவருதான நடுவர், அவரு பக்கத்துலதான உட்காரணும்?”

“ஆமாம்மா. அதான்.”

உன் பழைய மட்டை என் அலமாரியில் இருக்கிறது. நான் சுமந்துகொண்டிருப்பது அதை அல்ல, ‘அவன் என்ன கேட்டான்?’ என்ற, நான் சரியாகப் பதில் சொல்லாத கேள்வியை. குரலை உயர்த்தப் போவதில்லை. அந்த வரி வாசிக்கப்பட்டதும், முதல் சர்வீஸுக்கு முன்பு, அவர் பக்கம் திரும்பி, பரண் முழுவதற்கும் கேட்கும்படி, ஒரு மார்க்கர் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்வேன்: “அவன் லெட் கேட்டான் சார்.”

லேட்டுதான். கேட்டால் கொடுக்கப்படும் என்று கதவில் எழுதியவன் நீ.