வெல்டிங் மெஷின் மேல் வைத்த வாட்ச்

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். சத்தீஸ்கரில் எங்கள் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் காட்டில் டவர் இல்லை. அதனால் ஊருக்கு வரும் டிரைவர் நல்லண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் என் ஆட்டோமேட்டிக் வாட்சையும் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. போர் போடும்போது சேறு தெறிக்குமே என்று வாட்சைக் கழற்றி வெல்டிங் மெஷின் மேல் வைத்தேன். காந்தம் ஏறி வேகமாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதை நம்பி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். சமையல்காரர் அப்புசாமி, "ஏனுங்க, உங்க வாச்சுக்குப் பசிச்சா என்ற அரிசி வெந்துருமுங்களா?" என்றார். இப்போது யாரும் என்னிடம் மணி கேட்பதில்லை.

இந்த வாட்சைத் திருச்செங்கோட்டு வாட்ச் கடையில் கொடுத்துக் காந்தத்தை எடுக்கச் சொல். பீரோவில் இருக்கும் பழைய வாட்சுகளுக்குச் சாவி கொடு, இறுகியதும் நிறுத்திவிடு. ஒவ்வொன்றையும் போன் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைப் பதிந்து, மெமரி கார்டில் போட்டு, நல்லண்ணன் இங்கே திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிடு. எதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று கேட்டே சொல்லிவிடுவேன்.

நல்லண்ணன் ஹாரன் அடிக்கிறார். பதியும்போது உன் வளையல் சத்தமோ பாப்பா பேச்சோ நடுவில் விழுந்தால், அழித்துவிட்டு மறுபடி பதியாதே. அப்படியே அனுப்பு.

உன்
செங்கோடன்