காகம் தொடாத சோறு

கொய்யா மரத்தில் குருவிகளுக்கென்று நீங்கள் ஆணியடித்து வைத்த தகரத் தட்டில், பழக்கத்தில் நான் வைத்த பப்பாசிப் பழம் அழுகி நாறுகிறது. கழுவ வேண்டும். எழுந்து போக உடம்பு கேட்கவில்லை. அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருஷம் மகள் எனக்கொரு கெமரா அனுப்பினாள். "இந்த வயசுல உனக்கு ஃபோட்டோ பைத்தியமா?" என்று சிரித்தீர்கள். மறுநாளே பிலிமத்தலாவைக்குப் போய்த் தட்டும் ஆணியும் வாங்கி வந்தவரும் நீங்கள்தான். கொண்டைக்குருவி வந்தது, மைனா வந்தது, ஒருநாள் பச்சைக் குக்குறுவானும் வந்தது. காகங்கள் வந்து எல்லாவற்றையும் கலைத்தன. அதிலிருந்து நான் கெமராவைத் தூக்கினால் நீங்கள் கம்பைத் தூக்குவீர்கள். "நீ படத்த எடும்மா, இவனுங்கள நான் பாத்துக்கிறேன்." ஏழு வருஷம் விரட்டினீர்கள். செத்தவர்கள் காகமாக வருவார்கள், விட்டுவிடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குக்குறுவான் ஆசையில் சொல்லவில்லை.

உங்கள் பதினாறாம் நாளில் மதில்மேல் இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்போடு சோறு வைத்தோம். தொண்டை வற்றக் கூப்பிட்டும் ஒரு காகம்கூட வரவில்லை. "அண்ணனுக்கு என்னமோ மனக்குறை இருக்கு அண்ணி" என்றாள் உங்கள் தங்கை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரட்டிய கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வாரம் வருஷத் திதி. இலையை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு காகம் மதிலில் வந்து இறங்கி, தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா சாப்பிடுகிறார் என்று மகளுக்குக் காட்ட வேண்டுமே என்று கெமராவைத் தூக்கினேன். அவ்வளவுதான், பறந்துவிட்டது. கெமரா எழுந்தால் கம்பு வரும் என்று அதைப் பழக்கியதே நாம் இரண்டு பேரும்தானே.

உங்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம். கம்பை அடுப்பில் வைத்துவிட்டேன். கெமராவை அலுமாரியில் பூட்டிவிட்டேன். தினமும் நான் சாப்பிடுமுன் மதிலில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் விரித்து, காகங்களுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் ஒன்றும் இல்லை, பாருங்கள். வந்து சாப்பிடுங்கள்.